இரண்டாவது துப்பாக்கி

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மனைவியின் நெற்றியில் வைத்து மிரட்டினான் என்று புகார் வந்தது. போலீஸ் போய்த் துப்பாக்கியைப் பறிமுதல் செய்தது. குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை போடவில்லை. அதனால் விதிப்படி உரிமையாளரிடமே ஒப்படைத்தது, உறையில் போட்டு, மரியாதையாக. அடுத்த மாதம் அதே துப்பாக்கியால் அவன் அவளைச் சுட்டுக் கொன்றான். சமையலறையில், அடுப்பில் பால் இருக்கும்போது.

இதைப் படித்து உங்களுக்கு வயிறு எரியவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். வேறு வேலை இருக்கும், போய்ப் பாருங்கள்.

நான் எதிர்க்கட்சியில் சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முன்னால் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் ஏமாற்றுகிறவளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் ஓடிவந்துவிடுவாள், அப்படிப்பட்ட தொண்டை. சபையில் எனக்கு முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘விசில்’. எனக்கு அதில் வருத்தமில்லை. அங்கே பலருக்கு வைத்திருக்கும் பேரை எழுதினால் அச்சில் ஏறாது.

செத்துப்போனவளின் அக்கா நீதிமன்றத்துக்கு எதிர்த் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, தலைக்கு மேல் சுற்றுவதாகப் பேர் பண்ணும் ஒரு மின்விசிறி. வக்கீல் குமாஸ்தாக்கள்தான் வாடிக்கை. தங்கையின் மகளையும் இப்போது அவள்தான் வளர்க்கிறாள். ஷட்டரை இழுத்தால் அந்தச் சத்தத்துக்குக் குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று, தினமும் ஷட்டரைக் கையால் தாங்கித் தாங்கி இறக்குகிறாள். ஒருகாலத்தில் என்னிடம் நூறு மீட்டர் ஓடியவள். அதனால் அவளுக்கு நான் இன்னமும் டீச்சர்தான்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒருநாள் மத்தியானம் வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“அவன் கடைக்கு வந்தான் டீச்சர்.”

“யாரு?”

“மாப்பிள்ளைதான். வேற யாரு.”

கொன்றவனை அவள் இன்னும் மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறாள். வாய்ப் பழக்கம், பாவம். கேட்கிற எனக்குத்தான் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அவன் கல் குவாரி முதலாளி. ஜாமீனில் வெளியே இருக்கிறான். துப்பாக்கியைத் துடைக்கும்போது கைதவறி வெடித்துவிட்டது என்பது அவன் வாதம். ஆனால் வெடித்த நேரத்தில் தங்கை அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “எவகூட பேசுற, வை போனை” என்று அவன் சொன்னது அக்காவுக்குக் கேட்டது. “அக்காதான்” என்று தங்கை சொன்னது கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம். மொத்த வழக்கும் அந்த மூன்றில்தான் நிற்கிறது. அடுத்த மாதம் இவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும்.

“எதுக்கு வந்தானாம்?”

“ஜெராக்ஸ் எடுக்க. கண்ணாடி மேல ஒண்ணை வச்சு, ‘ரெண்டு காப்பி எடுங்கக்கா’ன்னான். பார்த்தா துப்பாக்கி லைசென்ஸ். புதுப்பிக்கணுமாம்.”

“நீ என்ன பண்ண?”

“எடுத்துக் கொடுத்தேன். கை பாட்டுக்குப் பட்டனை அமுக்கிடுச்சு. கடை நிறைய ஆளு, நான் என்ன பண்ணட்டும்? கிளம்பும்போது குனிஞ்சு, ‘கோர்ட்ல பேசுறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கங்க, இன்னொண்ணு வீட்டுலதான் இருக்கு’ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான் டீச்சர்.”

ஒரே லைசென்ஸில் அவனுக்கு இரண்டு துப்பாக்கி. கொலை செய்தது நீதிமன்றக் காவலில் இருக்கிறது. இரண்டாவது அவன் பீரோவில். சுடாத துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய விதியில் இடமில்லையாம். அது என்ன தப்பு செய்தது, பாவம், அதைப் போய் எப்படிப் பிடித்துக்கொண்டு வருவது என்று கேட்காத குறை.

“அது அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் என்னால கூண்டுல ஏற முடியாது. எனக்காகச் சொல்லல. பாப்பா இருக்கா,” என்றாள்.

நான் அலைந்தேன். காவல் நிலையத்தில் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் கோப்பு உள்துறையில் என்றார்கள். உள்துறையில் ஒரு கண்ணாடிக்காரர், காவல்துறை அறிக்கை வந்தால்தானே மேடம் என்றார். ஆயுசுக்கும் பிள்ளைகளுக்குப் பந்து பாஸ் பண்ணச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கே பாஸ் காட்டினார்கள்.

மிச்சம் இருந்தது சபைதான். அமைச்சர் எழுந்து நின்று வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது அரசின் உறுதிமொழி. நடக்கவில்லை என்றால் அதிகாரிகள் சபையின் உறுதிமொழிக் குழு முன்னால் வந்து கைகட்டி நிற்க வேண்டும், அதற்கு அவர்கள் பயப்படுவார்கள். ஆனால் ஒரு சிக்கல். கேள்வி நேரத்தில் என் எண்ணைக் கூப்பிடும்போது நான் என் இருக்கையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கேள்வி செத்தது. அச்சடித்த பதிலை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பதிலின் மேல் இரண்டு துணைக்கேள்வி கேட்கும் உரிமை கிடையாது, உறுதிமொழி கிடையாது.

வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப் பற்றிப் பேசவும் கூடாது. அதனால் கேள்வியைப் பொதுவாக எழுதினேன். குடும்பப் புகார்களில் பறிமுதலான துப்பாக்கிகளில் எத்தனை திருப்பிக் கொடுக்கப்பட்டன? அந்த விதியை அரசு மாற்றுமா? கேள்விகளின் வரிசைக்குப் போடும் குலுக்கலில் எனக்கு இரண்டாவது இடம் விழுந்தது. சாட்சி நாளுக்கு முன்னால் வரும் கடைசிக் கூட்டம் அது. அவளுக்குப் போன் செய்து, கடையை மூடிவிட்டுப் பார்வையாளர் மாடத்துக்கு வா என்று சொன்னேன்.

அன்று காலை, சபைக்கு வெளியே இருக்கும் நீளக் கூடத்தில் எங்கள் கொறடா என்னை மடக்கினார். எங்கள் கட்சி உறுப்பினர்கள் எப்போது உட்காருவது, எப்போது எழுவது, எப்போது கத்துவது என்று சொல்கிற வேலை அவருடையது. காதில் எப்போதும் ஒரு பல்குத்தும் குச்சி செருகியிருக்கும்.

“இன்னிக்கு வெளிநடப்பும்மா. முதல் கேள்வி முடிஞ்சதும் தலைவர் எந்திரிப்பாரு, நில விவகாரம். நாம எல்லாம் பின்னாடியே போறோம்.”

“என் கேள்வி ரெண்டாவதுண்ணே. அதை முடிச்சிட்டு நடப்போம்.”

“டிவிக்காரங்களுக்கு நேரம் சொல்லியாச்சு.”

“அஞ்சு நிமிஷம் நின்னா அவங்க கேமரா கெட்டுப்போயிடுமா?”

“உன் கேள்வி எங்க ஓடிப்போகுது? அடுத்த கூட்டத்தொடர்ல கேளேன்.”

“அதுக்குள்ள அவளையும் சுட்டுட்டா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதிலிருந்த குச்சியை எடுத்து அதைப் பார்த்தார். “ஏம்மா, திருப்பிக் கொடுக்கணும்ங்கிற விதியில கையெழுத்துப் போட்டது யாருன்னு பார்த்தியா? அப்ப உள்துறை யார்கிட்ட இருந்துச்சு?”

நான் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்க்கவும் தேவையில்லை. நாங்கள் ஆட்சியில் இருந்தபோது உள்துறை தலைவரிடம்தான் இருந்தது. குவாரிக்காரர்கள், எஸ்டேட்காரர்கள் என்று ஒரு கூட்டமே அவர் வீட்டு வாசலில் நின்ற காலம்.

“அதனாலதான் வெளிநடப்பா?”

“நான் அப்படிச் சொல்லல. உள்ள உக்காந்திருந்தா கட்சி உன்னைச் சும்மா விடாது, அதை மட்டும் சொல்லிட்டேன்.”

எனக்கு மண்டை கொதித்தது. ஆளுங்கட்சி மேல் கோபப்படுவது எனக்குப் பழகிய வேலை, தினமும் செய்வது. சொந்த வீட்டிலேயே கன்னம் வைத்தவனைப் பார்க்கிற கோபம் வேறு.

உள்ளே போய் உட்கார்ந்தேன். மாடத்தில் மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டதால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள். முதல் கேள்வி ஏதோ ஒரு பாலம் பற்றியது. பாலம் வரும், வந்துகொண்டே இருக்கிறது, கட்டாயம் வரும் என்று அமைச்சர் சொன்னார். முடிந்ததும் தலைவர் எழுந்தார். கையைத் தூக்கினார், தாளைக் கிழித்தார், “ஜனநாயகப் படுகொலை” என்றார். அவர் வாயில் படுகொலை என்ற சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தேன். எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் மடங்கும் சத்தம், கோஷம், வாசலில் நெரிசல். கொறடா கதவருகில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார், அப்புறம் கையைக் காட்டினார், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். அமைச்சருக்குப் பக்கவாட்டில் அதிகாரிகள் உட்காரும் பெட்டி ஒன்று உண்டு. துணைக்கேள்வி வந்தால் அங்கிருந்து துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், சபை ஊழியர் கொண்டுபோய்க் கொடுப்பார், அமைச்சர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி படிப்பார். எந்த அமைச்சருக்கும் அந்தச் சீட்டுதான் மூளை. அன்று அந்தப் பெட்டி காலி. ஒருவர்கூட இல்லை. உள்துறைக் கேள்வி நாளில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க வேண்டிய இடம். எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

எதிர்க்கட்சி வெளியே போகும், கேள்வி செத்துவிடும், சீட்டு எழுதும் வேலை இருக்காது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்கள் கூடத்தில் எனக்கே அன்று காலையில்தான் சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னது? கட்டிப் புரண்டு சண்டை போடுவதாக ஊரே நம்பிக்கொண்டிருக்கும் இரண்டு பேர், எங்கள் தலைவரும் உள்துறை அமைச்சரும், ஒரு துப்பாக்கி விதியை மூடிவைக்கக் கைகோத்துக்கொண்டார்கள். கேமராவுக்கு ஒரு வெளிநடப்பு, டீக்கு ஒரு இடைவேளை. ஜெராக்ஸ் கடைக்காரிக்குத்தான் ஒன்றுமில்லை.

சபாநாயகர் தலையைத் தூக்காமலே படித்தார். “கேள்வி எண் இரண்டு. உறுப்பினர் அவையில் இல்லாததால்…”

“இருக்கேன்,” என்றேன்.

மைதானத்துக்கான தொண்டையில்தான் வந்தது. சபாநாயகரின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. ஆளுங்கட்சிப் பக்கம் யாரோ “விசில்” என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள்.

உள்துறை அமைச்சரைத் தேன் என்பார்கள், பேச்சில் அத்தனை இனிப்பு. எழுந்து, அச்சடித்த பதிலைப் படித்தார். திருப்பிக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் இருநூற்றுப் பதினாறு. விதியை மாற்றுவது பரிசீலனையில் உள்ளது. படித்துவிட்டுப் புன்னகையோடு உட்கார்ந்தார்.

“அந்த உரிமையாளர்கள்ல எத்தனை பேர் அப்புறமா கொலை வழக்குல சிக்கினாங்க? அவங்க வீட்டுல வேற துப்பாக்கி இருக்கா?” இது என் முதல் துணைக்கேள்வி.

தேன் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் கையை நீட்டினார். கை அப்படியே நின்றது. காலிப் பெட்டியைப் பார்த்தார். சீட்டு கொண்டுவரும் ஊழியர், வெறுங்கையோடு, என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பது போல நின்றார். ஆனால் தேன் பழைய ஆள், சமாளித்தார்.

“இதைத் தனிக் கேள்வியாகக் கேட்டால் விவரம் தரப்படும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதியைக் கொண்டுவந்தவர் உறுப்பினருடைய கட்சித் தலைவர். இப்போதுதான் வெளியே போனார். அவரையே கேட்டுக்கொள்ளலாமே.”

மேசையைத் தட்டினார்கள். சிரித்தார்கள். இருநூற்றுப் பதினாறு வீடுகளில் ஒரு வீட்டில் செத்தவளின் அக்கா மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்க, கீழே மேசையைத் தட்டினார்கள். நான் மேலே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

“இன்னும் ஒன்றுதான். கேள்வியாக இருக்கட்டும், பேச்சு வேண்டாம்,” என்றார் சபாநாயகர்.

பேச்சுதான் வைத்திருந்தேன். ஒரு வாரமாகக் குளியலறையில் பேசிப் பார்த்த பேச்சு, அதைக் கேட்டால் சுவரே அழும். அதைப் பேசினால் தேன் கையெடுத்துக் கும்பிட்டு, உறுப்பினரின் உணர்வுகளை மதிக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். அத்தனையையும் விழுங்கினேன்.

“எங்க தலைவர் போட்ட விதிதான். கேடுகெட்ட விதி. நீங்க வந்து நாலு வருஷமா அதைப் பத்திரமா வச்சுக் காப்பாத்துறீங்க. கேள்வி இதுதான். துப்பாக்கியால கொலை செஞ்சதா குற்றம் சாட்டப்பட்டு ஜாமீன்ல இருக்கிறவன் வீட்டுல இன்னொரு துப்பாக்கி இருக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை போதும்.”

சிரிப்பு நின்றுவிட்டது. தேன் மறுபடி பெட்டியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சீட்டு இல்லாத அமைச்சர், புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்த பையன் மாதிரி நின்றார். இருக்கலாம் என்று சொல்ல முடியாது, பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

“கூடாதுதான்,” என்றார்.

எப்போது எடுப்பீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். “உங்கள் இரண்டு கேள்வியும் முடிந்தது, உட்காருங்கள்,” என்று மைக்கை அணைத்துவிட்டார் சபாநாயகர். சிவப்பு விளக்கு அணைந்தது. அந்தக் ‘கூடாதுதான்’ஐ வைத்து நான் என்ன செய்வது? நாள் குறிக்காத வாக்கைக் கொண்டுபோய் எந்தக் குழுவில் காட்டினாலும் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். நின்றபடி மைக் இல்லாமல் கத்தினேன். பதிவில் ஏறாத சத்தம்.

அப்போது எதிர் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். ஆளுங்கட்சி. அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை டாக்டராக இருந்து அரசியலுக்கு வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்டுக்கொண்டதில்லை. துணைக்கேள்வி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சபாநாயகர் அனுமதித்தால். சொந்தக் கட்சி ஆயிற்றே, ஏதோ பாராட்டப் போகிறார் என்று நினைத்து அனுமதித்தார்.

“கூடாதுன்னா எப்ப எடுப்பீங்க?” என்றார் டாக்டரம்மா. “நான் நிறையப் பேரை அறுத்துப் பார்த்திருக்கேன். நாள் சொல்லுங்க.”

தேன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இனிப்பு ஒரு சொட்டு இல்லை. எழுந்தார். நாக்கால் உதட்டைத் தடவினார்.

“ரெண்டு நாளில். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருப்பது அத்தனையும் ரெண்டு நாளில் எடுக்கப்படும்,” என்று சொல்லி உட்கார்ந்தார். அதிகாரிகள் உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தபோது மூன்றாவது கேள்வி ஆரம்பித்திருந்தது.

அன்று சாயங்காலம் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதற்காக என்னைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அதே செய்தியறிக்கையில், துப்பாக்கிகளைக் கைப்பற்ற அரசு பணிந்தது எங்கள் கட்சியின் தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று தலைவர் பேட்டி கொடுத்தார். இரண்டையும் ஒரே வாசிப்பாளர், ஒரே முகத்தோடு வாசித்தார். நான் ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். இப்போது அதில் சத்தம் கூட்டும் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. என் தொண்டை இருக்கும் வீட்டில் அது தேவைப்படுவதும் இல்லை.

சொன்ன கெடு முடிவதற்குள் போலீஸ் குவாரிக்காரன் வீட்டுக்குப் போய் இரண்டாவது துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. மறுநாள் நான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். அவள் என்னைப் பார்த்ததும் ஒரு குமாஸ்தாவை எழுப்பிவிட்டு ஸ்டூலைக் கொடுத்தாள். குழந்தை மூலையில் உட்கார்ந்து வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தது.

“காலையில வந்தான் டீச்சர்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதுக்கு?”

“போலீஸ் கொடுத்த ரசீதைக் காப்பி எடுக்க. வக்கீல் கேட்டாராம். இந்தத் தெருவுல மட்டும் நாலு ஜெராக்ஸ் கடை இருக்கு, இங்கதான் வர்றான். நான் முந்திக்கிட்டேன். ‘ரெண்டு காப்பியா மாப்பிள்ளை’ன்னு நானே கேட்டேன். காசை வச்சான். எடுத்துட்டுப் போயிட்டான்.”

“செவ்வாய்க்கிழமை கூண்டுல ஏறுவியா?”

“ஏறுவேன்.” மெஷின் மூடியைத் தூக்கி ஒரு வக்காலத்தைத் திருப்பி வைத்தாள். “அன்னிக்கு அந்த அமைச்சர் ஒரு தாளைப் படிச்சாரே, அது உங்ககிட்ட இருக்கா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து ஒரு காப்பி எடுத்தாள். பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் போய் வந்தது. சூடாக வந்த தாளைக் கையில் வைத்துப் படித்தாள். குமாஸ்தாக்கள் அவசரப்படுத்தினார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை.

“மாப்பிள்ளை துப்பாக்கியை எடுத்தாங்க. கொலைகாரன்னு கேஸ் ஆனவங்ககிட்ட மட்டும்தான எடுப்பாங்க?”

“ஆமா.”

“அப்ப இந்த இருநூத்திப் பதினாறுல, இன்னும் கொல்லாதவன் வீட்டுல அது அப்படியேதான இருக்கு?”

“ஆமா.”

“அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் அக்கா இருக்காங்களா டீச்சர்?”

தனிக் கேள்வியாகக் கேட்டால் விவரம் தரப்படும். என் வாய்வரை வந்தது அதுதான். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. கட்சிதான் என்னை நீக்கியது, தொகுதி நீக்கவில்லை. கேள்வி போடும் உரிமை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

“ஒரு வெள்ளைத்தாள் கொடு,” என்றேன். “பேனாவும்.”